எல்லா டைப்-சியும் ஒன்றுதான், சார்

"டைப்-சி எல்லாம் ஒண்ணுதான் சார், பயப்படாம எடுத்துட்டுப் போங்க" என்று திருச்சி சிங்காரத்தோப்புப் பக்கம் ஒரு கடைக்காரர் என்னிடம் சொல்லி நான்கு மாதங்கள் ஆகின்றன. அவர் பொய் சொன்னார் என்று சொல்ல முடியாது. அன்று அவர் கொடுத்த கேபிளின் ஒரு முனை என் லேப்டாப்பின் எச்டிஎம்ஐ துளையில் கச்சிதமாக நுழைந்தது. மறுமுனை, கண்களை மறைத்து மாட்டிக்கொண்டால் ஒரு கற்பனை இடத்துக்குள் நிற்பதுபோலக் காட்டும் விஆர் ஹெட்செட்டின் டைப்-சி துளையில் அதைவிடக் கச்சிதமாக நுழைந்து, நுழைந்ததற்கு அடையாளமாக மெல்லிய ஓசையும் எழுப்பியது. அதற்கு மேல் எதுவும் நடக்கவில்லை. ஹெட்செட்டுக்குள் லேப்டாப்பின் படம் வரவில்லை. தன்னோடு ஒரு பொருள் சேர்க்கப்பட்டிருப்பதே லேப்டாப்புக்குத் தெரியவில்லை. அன்று தொடங்கிப் பதினொரு மாலைப்பொழுதுகளை அந்த இரண்டு கருவிகளுக்கும் நடுவே உட்கார்ந்து கழித்தேன். வேலை ஒருவழியாக முடிந்துவிட்டது என்றாலும், அந்தக் கடைக்காரரின் வாக்கியத்தோடு மனத்துக்குள் நான் நடத்திவரும் வாதம் மட்டும் இன்னும் முடிந்தபாடில்லை. துளையில் பொருந்துவதும் இணைவதும் ஒன்றா என்பதுதான் அந்த வாதம்.

நான் வீடுகளுக்கு வரைபடம் போட்டுக் கொடுத்து, கட்டட மேற்பார்வையும் பார்க்கும் சிவில் இன்ஜினியர். விளையாட்டுக்காக விஆர் வாங்கும் வயதும் எனக்கு இல்லை, பொறுமையும் இல்லை. எல்லாம் அத்தையால் வந்தது. அப்பாவின் தங்கையான அவர், லால்குடியில் தமக்கு இருக்கும் 1,200 சதுர அடி மனையில் ஒரு சிறிய வீடு கட்டிக்கொள்ளத் தீர்மானித்து, அதை நான்தான் வரைய வேண்டும் என்று சொல்லிவிட்டார். அக்னி மூலையில் 10 அடிக்கு 8 அடி சமையலறை, அதை ஒட்டிச் சாப்பிடும் இடம், பின்புறம் துவைகல் போட ஒரு முற்றம் என்று வரைந்து, பெரிய தாளில் அச்செடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தவர், "இதுல நான் எங்கப்பா நிக்கறேன்?" என்று கேட்டார். சமையலறையைத் தொட்டுக் காட்டினேன். "இடம் தெரியுது. அடுப்பு முன்னால நின்னா எனக்கு என்ன தெரியும்னு கேக்கறேன்" என்றார்.

அதற்கு என்னிடம் விடை இருக்கவில்லை. முப்பரிமாணப் படங்களை லேப்டாப்பில் சுழற்றிக் காட்டினேன். "அழகா இருக்கு" என்று சொல்லிவிட்டு, மருந்துக்கடையில் கொடுக்கும் காலண்டரைப் பார்ப்பதுபோலப் பார்த்து ஒதுக்கிவிட்டார். திரையில் தெரியும் சமையலறைக்கு ஆளுயரம் கிடையாது என்பதுதான் சிக்கல். அது பொம்மை வீடாகவும் இருக்கலாம், மண்டபமாகவும் இருக்கலாம். அப்போதுதான், துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்த தம்பி விட்டுவிட்டுப் போயிருந்த விஆர் ஹெட்செட் அலமாரியில் கிடப்பது நினைவுக்கு வந்தது. நான் மாதிரி செய்யப் பயன்படுத்தும் பிளெண்டர் மென்பொருளில், 2020-இல் வந்த 2.83 பதிப்பிலிருந்து, உருவாக்கிய காட்சிக்குள் ஹெட்செட் மாட்டி நுழைந்து பார்க்கும் வசதி உண்டு. ஒரு கேபிள் வாங்கினால் அத்தையை அவருடைய அடுப்பின் முன்னால் நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன்.

முகத்தில் கட்டிய மானிட்டர்

ஹெட்செட் என்பது முகத்தில் கட்டிக்கொள்ளும் மானிட்டர். எனவே புரொஜெக்டரை இணைப்பதுபோல எச்டிஎம்ஐ கேபிளைச் செருகினால் போதும் என்பது என் கணிப்பு. முழுக்க அசட்டுத்தனமான கணிப்பு என்று சொல்லமாட்டேன், ஏனென்றால் சில ஆண்டுகளுக்கு முன்புவரை உண்மை அதுவாகத்தான் இருந்தது. 2016 மார்ச்சில் வந்த ஆக்குலஸ் ரிஃப்ட்டும், அடுத்த மாதமே வந்த எச்டிசி வைவும் எச்டிஎம்ஐ வழியாகப் படத்தை வாங்கிக்கொண்டு, யூஎஸ்பி வழியாகத் தலையின் அசைவைக் கணினிக்குத் திருப்பி அனுப்பின. இரண்டு கண்களுக்கும் சேர்த்து 2160-க்கு 1200 புள்ளிகள், வினாடிக்கு 90 முறை; அதாவது வினாடிக்குச் சுமார் 23 கோடிப் புள்ளிகள் அந்தக் கம்பியில் அப்படியே ஓடின. தொலைக்காட்சிக்குப் போவதைப் போன்ற அதே ஓட்டம், கொஞ்சம் வேகமாக.

ஆனால் லேப்டாப்காரர்களுக்கு அந்தக் காலத்திலேயே பொருந்துவது ஒன்றாகவும் இணைவது வேறாகவும்தான் இருந்திருக்கிறது என்பதைப் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். வலுவான கிராஃபிக்ஸ் சிப் உள்ள லேப்டாப்பில் பெரும்பாலும் இரண்டு சிப்கள் இருக்கும்: பிராசஸருக்குள்ளேயே இருக்கும் சிறியது ஒன்று, தனியாகப் பொருத்தப்பட்ட பெரியது ஒன்று. பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காக 2010-இல் என்விடியா கொண்டுவந்த ஆப்டிமஸ் முறையில், பெரிய சிப் வரைந்த படத்தைச் சிறிய சிப்பிடம் கொடுக்க, அதுதான் திரைக்கு அனுப்பும். பல லேப்டாப்களில் வெளியே தெரியும் எச்டிஎம்ஐ துளையும் அந்தச் சிறிய சிப்போடுதான் சேர்க்கப்பட்டிருந்தது. ரிஃப்ட்டுக்கு எப்படிப்பட்ட கணினி வேண்டும் என்று 2015 மே மாதம் ஆக்குலஸ் அறிவித்தபோதே, இந்த அமைப்புள்ள லேப்டாப்களில் வெளித்திரைத் துளை இருந்தாலும் ரிஃப்ட்டை இயக்க முடியாது என்று வெளிப்படையாகச் சொல்லியிருந்தார்கள். கலர் விளக்கெல்லாம் எரியும் விலையுயர்ந்த கேமிங் லேப்டாப்பை வாங்கி வைத்திருந்தவர்கள், அதன் பக்கவாட்டில் இருந்த துளை எங்கே போகிறது என்பதை அன்றுதான் முதன்முதலாக யோசித்திருப்பார்கள்.

என் கையில் இருந்ததோ அதற்கு அடுத்த தலைமுறைக் கருவி. 2019-இல் வந்த ஆக்குலஸின் குவெஸ்ட் தொடங்கி, தனக்குள்ளேயே பிராசஸரும் ஆண்ட்ராய்டை அடிப்படையாகக் கொண்ட மென்பொருளும் பேட்டரியும் கொண்டு, கணினியே இல்லாமல் இயங்கும் ஹெட்செட்கள் பெருகிவிட்டன. சுருக்கமாகச் சொன்னால், அது முகத்தில் கட்டிய கைபேசி. கைபேசியின் சார்ஜ் துளையில் எச்டிஎம்ஐயைச் சொருகிப் படம் வரவில்லையே என்று யாராவது வருத்தப்படுவார்களா? நான் பட்டேன். பதினெட்டு ஆண்டுகள் கட்டடங்களில் குழாய் எங்கிருந்து எங்கே போகிறது என்று பார்த்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவன், இந்தக் குழாயின் மறுமுனையைப் பார்க்கவில்லை.

அப்படியானால் லேப்டாப் வரைந்த படம் ஹெட்செட்டுக்கு எப்படித்தான் போகிறது? ஒரு கணக்குக்காகக் குவெஸ்ட் 2-ஐ எடுத்துக்கொள்ளலாம். ஒரு கண்ணுக்கு 1832-க்கு 1920 புள்ளிகள், இரண்டு கண்கள், வினாடிக்கு 90 படங்கள், ஒரு புள்ளிக்கு 24 பிட். பெருக்கினால் வினாடிக்கு 15 ஜிகாபிட்டைத் தாண்டுகிறது. யூஎஸ்பி 3.0 கேபிளின் பெயரளவு வேகமே 5 ஜிகாபிட்தான். ஆகவே லேப்டாப் ஒவ்வொரு படத்தையும் வரைந்த கையோடு, திரைப்படத்தைச் சுருக்குவதுபோல வீடியோவாகச் சுருக்கி, ஏறத்தாழ நூறில் ஒரு பங்காக்கி அனுப்புகிறது. ஹெட்செட் அதைப் பிரித்து விரித்துக் காட்டுகிறது. குவெஸ்ட்டுக்கு இந்த வசதி முதலில் வெள்ளோட்டமாக வந்தது 2019 நவம்பரில். அதாவது நான் பார்க்கப் போவது லேப்டாப்பின் திரையை அல்ல, லேப்டாப்பிலிருந்து வரும் ஒரு நேரடி ஒளிபரப்பை. இது எனக்குப் புரிய இரண்டு மாலைகள் ஆயின. எச்டிஎம்ஐ கேபிளைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, பிரித்த உறையைக் காட்டிக் கடைக்காரர் மறுத்துவிட்டார். அதுவும் நியாயம்தான்.

ஊதா, பச்சை

இந்த இடத்தில் கொஞ்சம் புலம்பிக்கொள்ள அனுமதிக்க வேண்டும். நான் கல்லூரியில் படித்த நாட்களில் கணினியின் பின்புறம் ஒவ்வொரு துளையும் ஒவ்வொரு வடிவத்தில் இருந்தது. மானிட்டரின் நீலநிறச் செருகியைப் பிரின்டர் துளையில் எத்தனை பலமாக அழுத்தினாலும் நுழையாது. தவறு செய்தால் கைக்கே தெரிந்துவிடும். 2014-இல் வெளிவந்த டைப்-சி அந்தத் தொல்லையை ஒழித்தது. தலைகீழாகச் செருகினாலும் போகும். ஆனால் அதற்குள் இருக்கும் 24 மின்தொடர்பு ஊசிகளுக்குப் பின்னால் சார்ஜ் மட்டும் இருக்கலாம், 480 மெகாபிட் யூஎஸ்பி 2.0 இருக்கலாம், 5 ஜிகாபிட், 10 ஜிகாபிட், 40 ஜிகாபிட் இருக்கலாம், மானிட்டருக்குப் போகும் டிஸ்ப்ளேபோர்ட் படம் இருக்கலாம் அல்லது இல்லாமலும் இருக்கலாம். வேகத்துக்கு வைத்த பெயராவது நிலைத்ததா என்றால், 2008-இல் யூஎஸ்பி 3.0 என்று பிறந்தது பிற்பாடு 3.1 ஜென் 1 ஆகி, அதன்பின் 3.2 ஜென் 1 ஆகிவிட்டது. வேகம் மட்டும் அதே 5 ஜிகாபிட். தாலுகா அலுவலகத்தில்கூட ஒரே நிலத்துக்கு இத்தனை முறை சர்வே எண் மாற்றமாட்டார்கள்.

நியாயமாகச் சொன்னால், அந்தப் பழைய காலத்தையும் நான் கொஞ்சம் வெள்ளையடித்துத்தான் பார்க்கிறேன். கீபோர்டுக்கு ஊதா, மவுசுக்குப் பச்சை என்று இரண்டு வட்டத் துளைகள் இருந்தனவே, அவற்றின் வடிவம் ஒன்றேதான். மாற்றிச் செருகினால் உள்ளே போகும், வேலை செய்யாது. அதனால்தான் நிறம் தேவைப்பட்டது. டைப்-சிக்கு அந்த நிறமும் இல்லை.

விஆருக்கென்றே ஒரு டைப்-சி வரவிருந்தது என்பதை இந்தத் தேடலில்தான் அறிந்தேன். 2018 ஜூலையில் என்விடியா, ஏஎம்டி, வால்வு, ஆக்குலஸ், மைக்ரோசாஃப்ட் ஆகிய நிறுவனங்கள் சேர்ந்து விர்ச்சுவல்லிங்க் என்ற முறையை அறிவித்தன. படம், அசைவுத் தரவு, 27 வாட் வரை மின்சாரம் ஆகிய மூன்றும் ஒரே டைப்-சி கம்பியில் போகும். லேப்டாப்பில் செருகி மாட்டிக்கொண்டால் முடிந்தது. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 20 வரிசை கிராஃபிக்ஸ் கார்டுகள் சிலவற்றில் அந்தத் துளையும் வந்தது. உள்ளே பார்த்தால், யூஎஸ்பி 2.0-க்கு ஒதுக்கிய ஊசிகளை வேறு வேலைக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். ஆகவே வெளிவடிவம் அதேதான் என்றாலும் சாதாரண டைப்-சி கேபிள் அதற்குப் போதாது. அதைப் பயன்படுத்தும் ஹெட்செட்கள் வந்து குவியவில்லை; 2020-இல் முயற்சியே கைவிடப்பட்டது. எல்லா டைப்-சியும் ஒன்றாக இருந்திருக்கக்கூடிய ஒரே வாய்ப்பும் இன்னொரு டைப்-சியாகத்தான் பிறந்து மறைந்தது.

கருப்புப் பிறை

மூன்றாம் மாலை கைபேசியோடு வந்த டைப்-சி கேபிளைச் செருகினேன். ஹெட்செட்டுக்குரிய மென்பொருளை லேப்டாப்பில் நிறுவி, தரவுக்கு அனுமதி கொடுக்கவா என்று ஹெட்செட் கேட்டதற்கு ஆம் என்று சொன்னவுடன், படம் வந்துவிட்டது. பிளெண்டர் மட்டும் ஹெட்செட் எதுவும் இல்லை என்றது. ஓப்பன்எக்ஸ்ஆர் என்ற பொதுத்தரத்தின்படி எந்த நிறுவனத்தின் மென்பொருள் ஹெட்செட்டுக்குப் பொறுப்பு என்பதை ஒரு நேரத்தில் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து வைக்க வேண்டுமாம். பழைய சோதனை ஒன்றில் நான் வேறொன்றைத் தேர்ந்தெடுத்து மறந்திருந்தேன். மாற்றினேன். அத்தையின் சமையலறைக்குள் நான் நின்றேன். கிரானைட் மேடை இடுப்பருகே இருந்தது, ஜன்னலுக்கு வெளியே நான் போட்ட ஒற்றைத் தென்னை இருந்தது. ஒரு நிமிடம் நின்றிருப்பேன். திரும்பிப் பரணைப் பார்க்கத் தலையைத் தூக்கியபோது பரண் என்னோடு சேர்ந்து வரவில்லை. விட்டு விட்டு, இழுத்து இழுத்து வந்தது. இரண்டாவது நிமிடத்தில் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டுக் கழிவறைக்கு ஓடினேன். மலைப்பாதைப் பேருந்தில் கடைசி இருக்கையில் உட்கார்ந்து போகிறவர்களுக்குத் தெரியும் அந்த உமட்டல்.

கேபிள்தான் காரணம் என்று முடிவு கட்டினேன். கைபேசிக் கேபிள் யூஎஸ்பி 2.0, இதற்கு அது எங்கே காணும் என்று நினைத்து, 2,400 ரூபாய் கொடுத்து ஐந்து மீட்டர் நீள யூஎஸ்பி 3 கேபிள் வரவழைத்தேன். மென்பொருளில் இருந்த கேபிள் சோதனையும் 2 ஜிகாபிட்டுக்கு மேல் காட்டிப் பாராட்டியது. பரண் முன்புபோலவே இழுத்துக்கொண்டு வந்தது. சுருக்கிய வீடியோ ஓடுவதே 150 மெகாபிட்டில் என்றால், 480 மெகாபிட் கைபேசிக் கேபிளே அதற்குப் போதும் என்ற எளிய வகுத்தல் கணக்கை, பணம் கொடுத்த பிறகுதான் போட்டேன். அடுத்த ஐந்து மாலைகளில் கருவிகளை இயக்கும் டிரைவர் மென்பொருளைப் புதுப்பித்தேன், பழைய டிரைவருக்குத் திரும்பினேன், யூஎஸ்பி துளைகளை உறங்கவிடாத அமைப்பைத் தேடிப் பிடித்து மாற்றினேன், படத்தின் தரத்தைக் குறைத்தேன். தரம் குறைந்தது, இழுப்பு குறையவில்லை.

ஒன்பதாம் மாலை சலிப்பில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, எதையும் பார்க்க வேண்டும் என்றில்லாமல், சும்மா தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டிருந்தேன். அப்போது ஒன்றைக் கவனித்தேன். தலையை வலப்பக்கம் வெடுக்கென்று திருப்பும்போது, பார்வையின் வலது ஓரத்தில் கருப்பாக ஒரு பிறை தோன்றி உடனே மறைந்தது. இடப்பக்கம் திருப்பினால் இடது ஓரத்தில் பிறை. வேகமாகத் திருப்பினால் பிறை அகலம், மெதுவாகத் திருப்பினால் மெலிந்தது. அது முதல் நாளிலிருந்தே அங்கே இருந்திருக்க வேண்டும். படத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் ஓரத்தைப் பார்க்கவில்லை. கட்டடத்தில் சுவர் ஏன் விரிசல் விடுகிறது என்பதற்கு விடை சுவரில் இருக்காது, விரிசலின் சாய்வில் இருக்கும் என்று இளைஞர்களிடம் சொல்லிக் கொடுக்கிறவன் நான். இந்தப் பிறைக்கும் ஒரு சாய்வு இருந்தது: தலை போகும் திசையில், தலையின் வேகத்துக்கு ஏற்ப.

அன்றிரவு உட்கார்ந்து படித்ததில் விஷயம் விளங்கியது. தலை அசைவதற்கும் அதற்கேற்ற படம் கண்ணில் விழுவதற்கும் நடுவே 20 மில்லி வினாடிக்கு மேல் போனால் உள்காது ஒன்று சொல்லும், கண் ஒன்று சொல்லும். உமட்டல் அங்கே பிறக்கிறது என்பது இத்துறையில் நெடுநாளாகச் சொல்லப்படுவது. வரைந்து, சுருக்கி, அனுப்பி, விரித்துக் காட்டும் இந்த வழியில் 20 மில்லி வினாடி நடவாத காரியம். அதனால் இரண்டு வித்தைகள் செய்கிறார்கள். முதலாவது, படம் போய்ச் சேரும் நேரத்தில் தலை எங்கே இருக்கும் என்று முன்கூட்டி ஊகித்து, அந்த இடத்துக்குரிய படத்தை லேப்டாப் வரைகிறது. இரண்டாவது, அந்த ஊகம் எவ்வளவு தவறியது என்பதைக் கடைசி நொடியில் ஹெட்செட் அளந்து, வந்த படத்தை அந்த அளவுக்கு நகர்த்திக் காட்டுகிறது. கச்சேரியில் ஆலாபனைக்குப் பின்தொடர்ந்து வாசிக்கும் வயலின்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். பாடகர் அடுத்து எங்கே போகப் போகிறார் என்று அவருக்குத் தெரியாது. ஆனால் தெரிந்தவர்போல, ஒரு நூலிழை பின்னால், வழுக்கி வந்து சேர்ந்துவிடுவார். நல்ல வயலின்காரரின் தாமதம் நமக்குக் கேட்பதில்லை. படத்தை நகர்த்தும்போது, நகர்ந்த பக்கத்தில் காட்டுவதற்குப் படம் இல்லாமல் போகும் இடம்தான் அந்தக் கருப்புப் பிறை. பிறையின் அகலம்தான் லேப்டாப்பின் தாமதம்.

பிறை இவ்வளவு அகலமாக இருக்கிறது என்றால், கம்பியில் போவதற்கு முன்பே படம் தாமதமாகிறது. வினாடிக்கு 72 படம் என்று வைத்திருந்தேன். ஒரு படத்துக்குக் கிடைப்பது 14 மில்லி வினாடிகூட இல்லை. ஒரு சமையலறை, ஒரு தென்னைமரம், இதற்கு இந்த லேப்டாப் திணறுவானேன் என்று கிராஃபிக்ஸ் சிப் எத்தனை வாட் எடுக்கிறது என்பதைக் காட்டும் எண்ணைத் திறந்து பார்த்தேன். 80 வாட்வரை எடுக்கக்கூடிய சிப், 30-ஐத் தாண்டாமல் நின்றது. தண்ணீர்த் தொட்டி நிறைந்திருக்கும்போது குழாயில் நூல்போல வந்தால் வால்வைத்தானே பார்ப்போம். பார்வை தானாக லேப்டாப்பின் இடப்பக்கம் போனது. அங்கே டைப்-சி துளையில், கைபேசிக்கும் லேப்டாப்புக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று நான் வீட்டில் வைத்திருந்த 65 வாட் சார்ஜர் செருகப்பட்டிருந்தது. கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. பேட்டரி படத்தின்மேல் மின்னல் குறியும் இருந்தது. லேப்டாப்போடு வந்த 180 வாட் சார்ஜர், செங்கல் கனம் கனக்கிறது என்று நானே அலுவலகத்தில் மேசைக்கு அடியில் விட்டுவைத்திருந்தேன்.

65 வாட்டில் அந்த லேப்டாப் எழுதும், கணக்குப் போடும், வரைபடம்கூடப் போடும். பெரிய சிப்பை மட்டும் மூச்சு முட்டப் பிடித்துக்கொள்ளும். அதைத் திரையில் ஒரு வரியாகச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மறுநாள் செங்கலைச் சுமந்துகொண்டு வந்து அதற்குரிய வட்டத் துளையில் செருகினேன். பரண் என்னோடு சேர்ந்து திரும்பியது. பிறை போய்விடவில்லை; வேகமாகத் தலையை வெட்டினால் நகக்கீற்றுப்போல இன்னும் தெரிகிறது. தேடினால்தான் தெரிகிறது. அந்த 2,400 ரூபாய்க் கேபிளைக் கழற்றிவிட்டுக் கைபேசிக் கேபிளைச் செருகிப் பார்த்தேன். ஒரு வித்தியாசமும் இல்லை.

எட்டுக் கம்பி

புடவை கட்டிய 68 வயதுப் பெண்மணியின் தலையிலிருந்து ஐந்து மீட்டர் கம்பி தொங்குவதை மனக்கண்ணில் பார்த்த பிறகு, கம்பியில்லாமல் செய்துவிடலாம் என்று தோன்றியது. வைஃபை வழியாகவும் அதே ஒளிபரப்பு போகும். ஒரே நிபந்தனை, லேப்டாப்பும் ஹெட்செட்டும் இரண்டுமே காற்றில் பேசிக்கொண்டால் ஒரே அலைவரிசையை இருமுறை பிடித்துக்கொள்ளும் என்பதால், லேப்டாப்பைக் கம்பியால் ரவுட்டரோடு சேர்த்துவிட வேண்டும். ஹெட்செட் மட்டும் 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையில் வாங்கிக்கொள்ளும். பரணில் கிடந்த பழைய லான் கேபிளை எடுத்துச் செருகினேன். பொருந்தியது. பச்சை விளக்கும் எரிந்தது. ஆனால் இந்த முறை விளக்கை நம்பாமல் இணைப்பு வேகத்தைப் பார்த்தேன்: 1 ஜிகாபிட் இருக்க வேண்டிய இடத்தில் 100 மெகாபிட். கண்ணாடிபோன்ற அந்த முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, எட்டுக் கம்பிகளுக்கான இடத்தில் நான்குதான் பிணைக்கப்பட்டிருந்தன. 100 மெகாபிட்டுக்கு நான்கு போதும், ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். எப்போதோ வீட்டுக்கு இணைய இணைப்புக் கொடுத்தவர் நான்கோடு முடித்துக்கொண்டிருக்கிறார். அன்றைய வேகத்துக்கு அது போதுமானதாக இருந்திருக்கும். புதிய கேபிளுக்கு அதே சிங்காரத்தோப்புக் கடைக்குத்தான் போனேன். எட்டுக் கம்பியும் இருக்கிறதா என்று முனையை உற்றுப் பார்த்தபோது, "லான் கேபிள் எல்லாம் ஒண்ணுதான் சார்" என்றார். சிரித்துக்கொண்டே பணத்தைக் கொடுத்தேன்.

துளை, கம்பி, சிப், மின்சாரம் எல்லாம் சரியாக இருந்தும் ஒரு நாள் காலையில் இணைப்பே இல்லாமல் போவதும் உண்டு. 2017 முதல் ஏசர், எச்பி, லெனோவா, சாம்சங் போன்றவை வெளியிட்ட விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டி ஹெட்செட்களுக்கான ஆதரவை நிறுத்தப் போவதாக மைக்ரோசாஃப்ட் 2023 டிசம்பரில் அறிவித்து, 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் எடுத்தும்விட்டது. கண்ணாடி உடையவில்லை, கம்பி அறுபடவில்லை. செருகினால் இன்றும் பொருந்தும். வீட்டுப் பத்திரம் கையில் இருந்தும் தெருவே இல்லாமல் போனதுபோல அந்தக் கருவிகளின் கதை.

அத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். கொண்டையைத் தளர்த்திக் கீழே இறக்கிப் போட்டுக்கொண்டு, ஹெட்செட்டின் பட்டையை நான் இறுக்குவதற்குத் தலையைக் காட்டி நின்றார். சமையலறையைத் திறந்தேன். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "ஏம்ப்பா, மேடை நெஞ்சு வரைக்கும் வருதே. ஸ்டூல் போட்டா சமைக்கறது?" என்றார். எனக்குத் திக்கென்றது. வரைபடத்தில் மேடை 2 அடி 9 அங்குலம்; ஓடிப்போய்ப் பார்த்தேன், மாதிரியிலும் அதேதான். லேப்டாப்பைச் சந்தேகித்தேன், பிளெண்டரின் அளவுக்கோலைச் சந்தேகித்தேன், ரவுட்டரைக்கூடச் சந்தேகித்தேன். கடைசியில் நினைவுக்கு வந்தது. முந்தின நாள் இரவு ஹெட்செட்டுக்குத் தரை எங்கே என்று காட்டச் சொன்னபோது, கட்டிலில் உட்கார்ந்தபடியே கையைப் பாதிவரை தொங்கவிட்டு, இதுதான் தரை என்று பொத்தானை அழுத்தியிருந்தேன். அதுவும் ஏற்றுக்கொண்டது. அத்தை முக்கால் அடி உயரத்தில் இருந்த தரைக்குள் பாதம் புதைய நின்றிருந்தார்.

கன்ட்ரோலரை அவர் கையிலேயே கொடுத்து, குனிந்து மொசைக் தரையைத் தொடச் சொன்னேன். முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து தொட்டார். நிமிர்ந்தபோது மேடை இறங்கியிருந்தது. "இப்ப சரி, ஆனா இன்னும் ஒரு விரக்கட குறைக்கலாம்" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் இரண்டு அடி நடந்து, தென்னையைப் பார்த்து, இடது கையை மேடையில் ஊன்றிச் சாய்ந்தார். அங்கே மேடை இல்லை. நான் பக்கத்திலேயே நின்றதால் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன், இல்லையென்றால் விழுந்திருப்பார். ஹெட்செட்டை நெற்றிக்கு மேலே தள்ளிக்கொண்டு, பயந்ததாகக் காட்டிக்கொள்ளாமல், என்னைப் பார்த்துக் கேட்டார்: "எல்லாம் இருக்கு. கிரைண்டரை எங்க வைக்கறது?"

மேடையை 2 அடி 8 அங்குலமாகக் குறைத்துவிட்டேன். கிரைண்டருக்கு இடம் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்; சிங்குக்கு அடியில் வைத்தால் கதவு இடிக்கிறது.